முழுக்கை கேட்ட டிரைவர்

அந்தச் சிறையில் அறுநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். பொய் சொல்லாதவர் என்று அதில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் புளுகர் என்ற பட்டம் தையல் கூடத்துப் பெரியவர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் தேவைக்குப் பொய் சொன்னார்கள். இவர் அதைப் பொதுச்சேவையாகச் செய்துவந்தார்.

சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொல்வார். ஒரு மழைக்காலத்தில் கூடத்தின் மேல் இடி விழுந்ததாம். அந்த இடி மெஷினுக்குள் இறங்கி, ஆளில்லாமலே தைக்க ஆரம்பித்து, காலை மணி அடிப்பதற்குள் பதினேழு சட்டையை முடித்துவிட்டதாம். "பட்டன் ஓட்டை மட்டும் போடல. இடிக்கு அந்த வேலை தெரியாது" என்பார். வெளியே கடை வைத்திருந்த காலத்தில் ஒரு ஆளுக்குத் தோள் அளவெடுக்க, இடது தோளில் டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வலது தோளுக்குப் புறப்பட்டவர், போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டதாம். இடையில் காலர் ஓரமாகப் படுத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்ததாகவும் தகவல்.

எதற்காக உள்ளே வந்தார் என்பதற்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தார். ஒருவரிடம் ரயிலைத் திருடியதாக, இன்னொருவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்ததாக. பதிவேட்டில் இருந்தது கொலை. அதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. பதினாறு வருடம் முடிந்து, நன்னடத்தைக் கழிவும் சேர்ந்து, விடுதலைக்கு இன்னும் ஐந்தாறு மாதமே இருந்தது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் சிறையின் பாதி ரகசியங்கள் இருந்தன. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அவர் வாயில் விழுந்தால் உண்மையும் பொய்யாகிவிடும். மூன்றாம் பிளாக்கின் பெரிய ரவுடி இருட்டுக்குப் பயப்படுவான் என்பதும், சமையல்கட்டு ஆள் எழுதப் படிக்கத் தெரியாமல் மனைவியின் கடிதங்களை முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் ஊரைக் கூட்டிச் சொன்னாலும் ஒருவரும் நம்பப் போவதில்லை என்ற தைரியத்தில் எல்லோரும் வந்து கொட்டினார்கள். அவர் துணி வெட்டிக்கொண்டே "ம்" என்பார். அந்த "ம்"முக்காக வருகிறவர்கள் இருந்தார்கள்.

கோடையின் உச்சியில் ஒருநாள் டிரைவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். வெளியே பேருந்து ஓட்டியவர். மழையில் ஒரு பாலத்தின் மேல் பேருந்து பிடி நழுவிப் போனது. பயணிகளில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதற்கு ஏழு வருடம். பத்து வார்த்தை கேட்டால் ஒன்றரை வார்த்தையில் பதில் சொல்கிற மனிதர்.

"அண்ணே, எனக்கு முழுக்கைச் சட்டை வேணும்."

கைதிகளுக்கு அரைக்கை, வார்டர்களுக்கு முழுக்கை என்பது சட்டம். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. டிரைவரிடம் சீட்டு இருந்தது. அதில் "தோல் ஒவ்வாமை" என்று கோழி கிளறின எழுத்தில் எழுதியிருந்தது.

"இந்த வெயில்லயா, தம்பி? சூரியனோட ஏதாவது பகையா?"

"கொசுண்ணே."

"இங்க கொசுவே வேர்த்துப் போய் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருக்கு. போன வாரம் ஒண்ணு எங்கிட்ட வந்து பனியன் கேட்டுச்சு."

டிரைவர் சிரிக்கவில்லை. புளுகர் டேப்பை எடுத்துத் தோளிலிருந்து கையின் நீளத்துக்கு இழுத்தார். முழங்கைக்குக் கீழே டேப் பட்டதும் அந்தக் கை, சுட்டது போலத் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது. நாற்பது வருடம் அளவெடுத்த விரல்களுக்கு ஒவ்வாமைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியும். அவர் டேப்பைச் சுருட்டினார். அளவைக் குறித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலைக் காலால் நகர்த்திப் போட்டார்.

"உட்காருங்க."

டிரைவர் உட்கார்ந்தார். புளுகர் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

"நானாத்தான் செஞ்சுக்கறேன்" என்றார் பிறகு. "எதாலே, எப்படின்னு கேக்காதீங்க."

"நான் ஏன் கேக்கப் போறேன்? ஏன்னு வேணா சொல்லுங்க."

வார்த்தைப் பஞ்சம் பிடித்த அந்த மனிதர் அன்று பேசினார். மகளுக்குப் பதினோரு வயது. அக்கா வீட்டில் வளர்கிறாள். முதல் வருடம் மூன்று தடவை வந்தாள், அடுத்த வருடம் ஒரே தடவை. ஒன்றரை நாள் பயணம் செய்து வந்தால் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம். அக்கா வேலைக்கு லீவு போட வேண்டும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

"வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஜெயிலுக்கு மாத்தச் சொல்லி மனு போட்டேன். நாலு மனு. பதிலே இல்லண்ணே. மாட்டேன்னு எழுதினாக்கூடப் பரவால்ல. யாரோ ஒருத்தர் படிச்சாங்கன்னு ஆகும்ல? கிணத்துல கல்லு போட்டா சத்தமாவது கேக்கும்."

"ம்."

"கண்ண மூடினா பாலம். தொறந்தா இந்தச் சுவரு. ரூம்ல ஆறு பேரு. யார்கிட்டயாவது வாயத் தொறந்தா, 'ஐயோ, டிரைவர் அழறாரு'ன்னு பாட்டு பாடறானுங்க. செஞ்சா நிம்மதியா இருக்கான்னு கேட்டா, இல்ல. மறுநாள் வெக்கமும் சேந்துக்குது. ஆனாலும் கை அங்கதான் போகுது."

"டாக்டர்கிட்ட சொல்லலாமே?"

டிரைவர் முகம் மாறியது. "அது மட்டும் வேணாம். குறிப்புல ஏத்திடுவாங்க. அந்தக் குறிப்பு இருந்தா வேற ஜெயில் ஏத்துக்காது. அஞ்சாவது மனு போட்டிருக்கேன், இந்த மாசம் கமிட்டி உட்காருது. நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னா..."

"தெரியும். நான் சொன்னா பொய்யாயிடும்."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பென்ன? அதான் என் தகுதி." கத்தரியை மேஜைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்தார். "இந்தக் கத்தரிமேல ஆணை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா தினம் சாயங்காலம் இங்க வந்து உட்காரணும். வரலன்னா நான் உங்க பிளாக்குக்கே வந்து இடி கதைய முழுசா சொல்லுவேன். அது மூணு மணி நேரம் ஓடும்."

டிரைவர் தினமும் வந்தார். முழுக்கைச் சட்டை தயாரானது. மணிக்கட்டில் உரசாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய துணியை வைத்துத் தைத்திருந்தார் புளுகர். அது எந்த மருத்துவச் சீட்டிலும் இல்லாத வேலை. மூன்று வாரம் போனது. ஒருநாள் கொசு பனியன் கதைக்கு டிரைவரின் உதடு ஒரு நூல் அகலத்துக்கு விரிந்தது. புளுகர் அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு கமிட்டி உட்கார்ந்தது, எழுந்தது. ஐந்தாவது மனுவுக்கு முதல்முறையாகப் பதில் வந்தது. "மனுதாரர் தமது முந்தைய நான்கு மனுக்களின் நகல்களை இணைக்கவில்லை." அந்த நகல்கள் அலுவலகத்தில்தான் இருந்தன. அதே வாரம் அக்காவிடமிருந்தும் கடிதம் வந்தது. பிள்ளை அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள், கொஞ்ச நாள் கடிதம் போட வேண்டாம் என்று.

இரண்டு நாள் டிரைவர் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வந்தார். கையில் முழுக்கைச் சட்டை. துவைத்து, மடித்து, மூலை பிசகாமல்.

"இந்தாங்கண்ணே. இனிமே வேண்டியதில்ல."

"ஆறிடுச்சா?"

"ஆமா."

போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். குரல் லேசாக, ரொம்ப லேசாக இருந்தது. சாமான்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்ட ஆளின் குரல். தன் புதுச் செருப்பைப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். "நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புளுகர் சட்டையை விரித்துப் பார்த்தார். ஒரு பட்டன் கழன்றிருந்த இடத்தில் டிரைவரே உட்கார்ந்து புதிதாகத் தைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும் பொருள் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதுபோல. ஆறிய ஆள் சட்டையை வைத்துக்கொள்வான். செருப்பையும் வைத்துக்கொள்வான். இவருக்கு அடுத்த வாரம் எதுவும் தேவைப்படவில்லை.

கத்தரி மேஜைமேல் கிடந்தது. அதைப் பார்க்காமல் எழுந்து போனார்.

மருத்துவர் வாரம் இரண்டு நாள் வருவார், அன்று வந்திருந்தார். வரிசையில் நாற்பது பேர். புளுகர் வரிசையைத் தாண்டிப் போய் நின்றார்.

"டிரைவர் கையப் பாருங்க டாக்டர். உடனே பாக்கணும். உயிர்ப் பிரச்சினை."

மருத்துவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். "போன மாசம் யாருக்கோ இதயம் வெள்ளிக்கிழமை மட்டும் வலது பக்கம் போயிடுதுன்னு சொன்னீங்களே, அவர் எப்படி இருக்கார்?"

"அது கதை. இது நிஜம்."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க பெரியவரே. வரிசைல வாங்க. அவருக்கு ஒவ்வாமை, நானே பாத்திருக்கேன்." அவர் பார்த்தது டிரைவரின் முகத்தை. கைக்கு நேரமிருக்கவில்லை.

அடுத்து வார்டர். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவருக்கு விசில் என்றே பெயர். பிளாக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புளுகர் அவரிடமும் விஷயத்தைச் சொன்னார்.

"கைய அறுத்துக்கறவன்லாம் சும்மா படம் காட்டறவன்யா" என்றார் விசில். "கண்டுக்காம விட்டா தானா அடங்கிடுவான். போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தவர், போன வருஷத்து ஆள் என்ன ஆனான் என்பது நினைவுக்கு வந்ததாலோ என்னவோ, முடிக்காமல் காதைக் குடைந்தார்.

"ஐயா, வாழ்க்கைல முதல் தடவையா உண்மை சொல்றேன்."

"அதுவே ஒரு புளுகுதானே?"

புளுகர் நின்றார். கையில் அந்தச் சட்டை இருந்தது. அதைப் பார்த்தார். பதினாறு வருடம் சொன்ன பொய்யெல்லாம் யாரையும் நம்பவைப்பதற்காகச் சொன்னவை அல்ல. இப்போது சொல்லப் போவது அப்படியல்ல.

"சரி, அத விடுங்க" என்றார் சாவகாசமாக. "டிரைவர் எங்கிட்ட முழுக்கை ஏன் தைக்கச் சொன்னாருன்னு யோசிச்சீங்களா? இங்க முழுக்கை யாருக்கு? உங்களுக்குத்தான். கலர் மட்டும் மாத்தினா போதும். இந்த வாரம் ஷிஃப்டு மாறும்போது உங்காளுங்களோட சேந்து கேட்டைத் தாண்டிடறதா திட்டம். செருப்பக்கூடக் குடுத்துட்டாரு. வெளில ஷூ தயாரா இருக்காம்."

விசில் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. விசில் சத்தம் நான்கு பிளாக்கிலும் கேட்டது. ஒரு மனிதன் சாகப் போகிறான் என்றபோது காதைக் குடைந்துகொண்டிருந்த சிறை, அவன் போய்விடப் போகிறான் என்றதும் முப்பது பேரோடு ஓடியது.

டிரைவர் அறையில் தனியாக இருந்தார். ரூம்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இந்தக் கதைக்கு இதற்கு மேல் வேலை இல்லை. தலையணைக்கு அடியில் ஒன்று கிடைத்தது. அது "தப்பிக்கும் கருவி" என்று பதிவானது. கைகளிலிருந்த தழும்புகளையும் பார்த்தார்கள். "சுவரேறிப் பழகியதில் ஏற்பட்ட சிராய்ப்பு" என்று எழுதினார்கள். புளுகர் இதைக் கேள்விப்பட்டபோது கோர்க்கவிருந்த நூலைக் கீழே வைத்தார். தன்னைவிடத் திறமையான ஆட்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

டிரைவரைத் தனி அறையில் வைத்தார்கள். இரண்டு பேர் மாறி மாறிக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாட்டின் அதிபருக்குக்கூட அப்படி ஒரு காவல் கிடைக்காது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தப்ப முயன்றவருக்கு இரண்டு வருடம் இடமாற்றம் கிடையாது. பார்வையாளர் கிடையாது. சட்டையின் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் பட்டை தைக்க வேண்டும்.

தைக்க வேண்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாம் நாள் இரண்டு வார்டர்களுக்கு நடுவில் டிரைவரைக் கூட்டிவந்தார்கள். புளுகர் பட்டையை நெஞ்சில் வைத்து அளந்தார். டிரைவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆயிரம் பொய் சொன்னீங்களே" என்றார் கடைசியில், சத்தமில்லாமல். "அதுல ஒண்ணாவது நம்பற மாதிரி இருந்துச்சா? எனக்குன்னு வந்தப்பத்தான் நல்லா சொல்லத் தெரிஞ்சுதா?"

"தம்பி..."

"தம்பின்னு கூப்பிடாதீங்க. உங்கள நம்பி வந்தேன். என் பொண்ணு பக்கத்துல போறதுக்கு ஒரே வழி இருந்துச்சு. அதைத் தைச்சு மூடிட்டீங்க."

ஊசி புளுகரின் விரலில் ஏறியது. நாற்பது வருடத்தில் முதல் தடவை என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விஷயம் பரவியது. மறுநாளிலிருந்து தையல் கூடத்து ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சமையல்கட்டு ஆள் வாசல்வரை வந்து, உள்ளே பார்த்து, கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனான். அவர் பொய் நம்பப்படும் என்றான பிறகு அவரிடம் எதைத்தான் சொல்ல முடியும்?

கைதிகள் நேரில் மனு கொடுக்கும் நாள் வந்தது. புளுகர் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"டிரைவர் தப்பிக்கப் பாக்கல ஐயா. நான் சொன்னது பொய்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவரே, இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதுல உண்மைன்னு ஆனது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துக்காதீங்க. யாராவது மிரட்டறாங்களா? உங்களுக்குப் பதினஞ்சு நாள் கழிவு சிபாரிசு பண்ணிருக்கேன்."

"அந்தக் கழிவு வேணாம். பொய்த் தகவல் குடுத்தா தண்டனை உண்டுல்ல? அதக் குடுங்க."

"ஆறு மாசக் கழிவு போயிடும்யா. நாலு மாசத்துல வெளிய போகப் போறவரு பத்து மாசம் இருக்கணும்."

"கூட்டல் எனக்கும் தெரியும் ஐயா."

கண்காணிப்பாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஒருவன் பொய்க்காக எதையும் தருவான், ஆறு மாதத்தைத் தரமாட்டான் என்பது அவருடைய உத்தியோக அனுபவம். காகிதத்தை நகர்த்தினார். புளுகர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தச் சிராய்ப்ப டாக்டர ஒரு தடவை கண்ணால பாக்கச் சொல்லுங்க. மூஞ்சிய இல்ல, கைய."

மருத்துவர் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு வாரம் ஒருநாள், வரிசையை நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் டிரைவருக்கு ஒதுக்கினார். அந்த அரைமணியை இந்தச் சிறை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிவப்புப் பட்டை கழன்றது. ஆனால் டிரைவர் பயந்த குறிப்பு பதிவேட்டில் ஏறியது. "மருத்துவர் தகுதிச் சான்று தரும்வரை இடமாற்றம் பரிசீலிக்க இயலாது." எத்தனை மாதம் என்று எழுதவில்லை. கூடவே ஒரு உத்தரவு: நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் அவருக்கு வேலை கொடுக்க வேண்டும். கூர்மையான எதுவும் கைக்கு எட்டக் கூடாது. அப்படிப்பட்ட இடம் சலித்தெடுத்துப் பார்த்ததில் தையல் கூடம்தான் என்று முடிவானது. அங்கே கத்தரியையும் ஊசியையும் பூட்டிவைக்க ஒரு வார்டரும் நியமிக்கப்பட்டார். அலுவலகம் யோசித்தால் அப்படித்தான்.

டிரைவர் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். டப்பாவிலிருந்த பட்டன்களை அளவுவாரியாகப் பிரிப்பது வேலை. பேசவில்லை. முதல் வாரம் முழுக்க அவர் முகம் சுவரைப் பார்த்திருந்தது. புளுகரும் கதை எதுவும் எடுக்கவில்லை. மெஷின் ஓடியது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, வேலை நிறுத்தும் மணி அடிக்கும் நேரம்.

"நான் உங்கள மன்னிக்கல" என்றார் டிரைவர், பட்டன்களைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"உயிரோட இருக்கறதாலதான் இதைச் சொல்ல முடியுது. அது வேற எரிச்சலா இருக்கு."

"ம்."

"நாளைக்கும் மன்னிக்க மாட்டேன்."

புளுகர் மெஷினை நிறுத்தினார். சக்கரம் தானாக இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"நாளைக்கு வருவீங்கல்ல?"

டிரைவர் டப்பாவுக்குள் பார்த்தார். பெரிய பட்டன்கள் பிரித்தாயிற்று, சின்னது பாதி கிடந்தது.

"இத யாரு முடிப்பா" என்றார்.

மணி அடித்தது. டப்பாவை மூடி, புளுகர் பக்கம் தள்ளாமல், தன் ஸ்டூலுக்கு அடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.